ஏரிக்கோடியைச் சேர்த்துக்கொண்ட ராயம்மாள்

பென்னாகரத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே கொட்டாய் என்று சொல்லப்படும் மூன்று கிறிஸ்தவச் சிற்றூர்களில் ராயம்மாளுக்குச் சண்டைக்காரி என்றுதான் பெயர். இருக்காதா பின்னே? புருஷன் போன பிறகு அரை ஏக்கர் கேழ்வரகை ஒற்றை ஆளாகக் காப்பாற்றியவள். குழைந்து பேசியா காப்பாற்ற முடியும்?

ஏரி பொதுதான். ஆனால் மாந்தோப்பு மாரியப்பன் வைத்ததே சட்டம். நினைத்தால் யார் வாய்க்காலையும் அடைப்பார். அதனால் மூன்று கொட்டாயும் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தன. ஒருவர் வாய்க்காலில் அவர் கை வைத்தாலும் மாதா கோயில் மணியை விடாமல் அடிக்க வேண்டும், எல்லா ஆம்பிளைகளும் தடியோடு ஓடி வர வேண்டும். இரண்டு வருஷமாக மாரியப்பன் அந்தப் பக்கமே வரவில்லை.

1982 ஜூனில் ஏரிக்கோடிச் சின்னக்கா வந்து நின்றாள். அவர்கள் கொட்டாயில் கிறிஸ்தவர்கள் கிடையாது; மாரியப்பனின் தோப்பு வேலியை ஒட்டியது.

"எங்களையும் சேத்துக்கங்க. மாரியப்பன் வாய்க்காலை அடைச்சிட்டாரு. நாத்து கருகுது."

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் கையில் பேப்பர் இருந்தது. "அமெரிக்காக்காரன் படைக் கூட்டணியில ஸ்பெயினைச் சேத்துட்டான். ரஷ்யாக்காரன் உறுமறான். நாமளும் மாரியப்பன் வேலி வரைக்கும் போனா அவர் சும்மா இருப்பாரா? சீண்டாதீங்க."

"சேக்காதப்ப மட்டும் சும்மாவா இருந்தாருங்க சார்?" என்றாள் ராயம்மாள். "வம்பு வந்தா என் பங்குத் தண்ணி பூரா உங்களுக்கு."

அந்தத் தண்ணி போனால் அந்த வருஷம் அவள் அடுப்பு எரியாது. தெரிந்தேதான் சொன்னாள். சேர்த்துக்கொண்டார்கள். ஏரிக்கோடியில் மணி ஏது? வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார்கள்.

வாத்தியார் வாய் முகூர்த்தம் பலித்தது. மூன்றாம் நாள் காலை பத்து ஆட்களும் கடப்பாரையுமாக மாரியப்பன் வந்துவிட்டார். சின்னக்கா பதறிப்போய் அடித்தாள். வருகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. அப்படி அடித்தால் கிறிஸ்தவர்களுக்குச் சாவு மணி என்று அவளுக்கு யார் சொன்னது?

"பாவி, கொன்னே போட்டானா!" வயலிலிருந்த ராயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். சண்டை மணிக்கு ஆம்பிளைகள் மட்டும்தான் வருவார்கள். சாவு மணிக்கு வூட்டில் யார் தங்குவார்? சிலுவை முன்னே, மாலையும் மெழுகுவத்தியும் பின்னே, ஒப்பாரியோடு நானூறு பேர் ஏரிக்கரையில் இறங்கினார்கள். மாரியப்பனின் ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள்.

உயிரோடு நின்ற சின்னக்காவைப் பார்த்ததும் ராயம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"மாலை கொண்டாந்துட்டோம் மாரியப்பண்ணா. சும்மா எடுத்துக்கிட்டுப் போவ முடியாது. யாருக்குப் போடறது?"

மாரியப்பன் ஆட்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். அன்றைக்கே ஏரிக்கோடி நாற்றங்காலுக்குத் தண்ணி பாய்ந்தது.

"சீண்டினா வருவார்னு சொன்னேனா இல்லையா?" என்றார் வாத்தியார்.

"வந்தாருங்க சார், இல்லேங்கல. போனதையும் பாத்தீங்கல்ல?"

அவள் பங்குத் தண்ணியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த மாதம் இன்னும் இரண்டு கொட்டாய்கள் வந்து கேட்டன. சேர்த்துக்கொள்ளலாம் என்று முதலில் கை தூக்கியவர் வாத்தியார்தான்.