சூட்லா பாலத்துச் செக்போஸ்ட்

குரோவேஷியாவில் ஸ்வோங்கோவைப் போல நாட்டுப்பற்று உள்ளவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராணுவக் கூட்டணியில் நாடு சேர்ந்தபோது வாசலில் கொடி கட்டினான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது பன்றி அறுத்து ஊருக்கே விருந்து வைத்தான். இந்தப் புத்தாண்டில் எல்லைச் சோதனையும் ஒழிந்து, குனா நாணயம் போய் யூரோவும் வந்து, ஊரே எல்லை ஆறான சூட்லாவின் பாலத்தில் ஆடியபோது மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எல்லாம் பெண்டாட்டியால் வந்தது.

நெவென்கா பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்லோவேனியாவில், ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறாள். ஸ்வோங்கோ பாலத்துச் செக்போஸ்டில் போலீஸ். இருபது வருஷமாக அவள் அடையாள அட்டையைக் கூண்டுக்குள்ளிருந்து கை நீட்டி வாங்கிப் பார்த்தவன். பெண்டாட்டியாவது ஒன்றாவது, சட்டம் என்றால் சட்டம் என்று பெருமை வேறு! ஆனால் கண் அட்டையில் இருந்தால்தானே? அவளை இறக்கிவிட்டது யார் வண்டி என்று மறுகோடியில் மேய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு வருஷமாக அது போஷ்டியானின் வேன். பேக்கரி ரொட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவன், மனைவியை இழந்தவன், சிரித்தால் வாய் நிறையப் பல். செக்போஸ்ட் வரிசையில் நிற்கச் சோம்பி, அந்தக் கோடியிலேயே அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். அதுவரைக்கும் ஸ்வோங்கோவுக்கு நிம்மதி. இப்போதுதான் செக்போஸ்டின் குறுக்குக் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டார்களே! வேன் நேரே வீட்டு வாசலுக்கே வந்தது. போதாக்குறைக்கு அவனை, சோதனை இன்னும் நடக்கிற போஸ்னியா எல்லைக்கு மாற்றி உத்தரவும் வந்தாயிற்று. பிப்ரவரியிலிருந்து அங்கே போய்க் கிடந்தால் இங்கே யார் பார்ப்பது?

மதுக்கடை அன்கிட்சா எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள்.

"என்ன ஸ்வோங்கோ அண்ணே, ரொட்டி இப்பல்லாம் வீட்டுக்கே வந்து இறங்குதாமே!"

"வாயை மூடிட்டு ஒயினை ஊத்துடி."

"ஊத்தறேன், ஊத்தறேன். குனா வச்சிருந்தா இப்பவே குடுத்துடு. ரெண்டு வாரக் கெடு முடிஞ்சு நாளையோட செல்லாது. உன் தொப்பி அதுக்கு முன்னாடியே செல்லாமப் போச்சு."

ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே வந்தான். மத்தியானம். விறுவிறுவென்று போய்ப் பாலத்தின் நடுவில் நின்றான். வேன் வந்தது. பக்கத்து இருக்கையில் நெவென்கா, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! ஸ்வோங்கோவின் கை தானாக உயர்ந்தது.

"நிறுத்து! அட்டையை எடு!"

பழக்கதோஷம் யாரை விட்டது? போஷ்டியான் எஞ்சினை அணைத்து, அட்டையை நீட்டி, கேட்காமலே இறங்கிப் பின்கதவையும் திறந்துவிட்டான். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஒரு கேக் பெட்டி. மேலே பெரிதாக நெவென்கா என்று எழுதியிருந்தது.

"இது என்னடா?"

நெவென்கா இறங்கி வந்தாள். சிரிப்பு போயிருந்தது. தன் அட்டையை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"படிங்க, ஆபீசர் சார். இருபது வருஷமா தினம் வாங்கிப் பார்த்தீங்களே. பிறந்த தேதி என்ன போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தான். ஜனவரி பதின்மூன்று. இன்று.

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாயில் வந்தது வேறு.

"இவனுக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட கேட்டான்யா. ஒரே ஒரு தடவை கேட்டான், அவ்வளவுதான்."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டியைத் திருப்பு, போஷ்டியான். கேக்கைப் பேக்கரியிலேயே வெட்டுவோம்."

"உன் அட்டை... நெவென்கா, உன் அட்டை!"

"நீயே வச்சுக்கோ. பாலம் தாண்ட இனிமே அது எதுக்கு?"

வேன் வந்த வழியே திரும்பிப் போயிற்று. இறக்கி மறிக்க அங்கே கட்டை இல்லை.