மூக்கிலிருந்து வந்த உருண்டை

அப்போது என் உடம்பில் ஒரு நோவும் இல்லை. நாள் முழுக்கக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைப்பேன். ஒரு படிச் சோற்றை ஒற்றை ஆளாய்த் தீர்ப்பேன். வலது மூக்குதான் பகை. கன்னத்துக்குள் ஒரு பாரம், மூக்கில் அழுகின தேங்காய் நாற்றம். பக்கத்தில் நிற்பவனைக் கேட்டால், "ஒண்ணும் அடிக்கலையே" என்பான். அவனையும் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

கல்யாணமான புதுசு; பெண்டாட்டிக்குப் பொன்னமராவதி. "பொன்னமராவதிக்காரி சோத்துல மருந்து வச்சுட்டாடா" என்றாள் ஆத்தா. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள இடுமருந்து வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் பேச்சு. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சோற்றைத் துழாவினேன். அதை என் பெண்டாட்டி பார்த்துவிட்டாள். மறுநாள் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

மருந்து எடுக்கிறவர் வந்தார். என் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய உருண்டை ஒன்றைத் துப்பினார். வரும்போதே அவர் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நாற்றமோ போகவில்லை.

சமஸ்தான எல்லை தாண்டித் திருச்சிக்குப் போனேன். டாக்டர் மூக்கு வழியாகத் துளை போட்டுக் கன்னத்துக்குள் கழுவினார். தட்டில் பழம்புளி மாதிரி ஏதோ விழுந்தது. இங்கேயும் உருண்டையா!

"டாக்டர், கொஞ்சம் வாயத் திறங்க."

"நோயாளி நீயா, நானா?" என்றவர் திறந்தும் காட்டினார். பல்தான் இருந்தது.

"இத எவ வச்சிருப்பா?"

"எவளும் வைக்கல. பூஞ்சாணம். ஊறுகாயில பூக்குமே, அந்தச் சாதி. காத்தோட உள்ள போய் வளர்ந்திருக்கு. ஒடம்பு கல்லா இருக்கறவனுக்கும் வரும்."

மூக்கு ஆறியதும் வெளியே ஜட்காக் குதிரையின் லத்தி நாற்றம் அடித்தது. அவ்வளவு சுகமாக எதையும் நான் முகர்ந்ததில்லை.

நேரே பொன்னமராவதி போய் நடந்ததைச் சொன்னேன். "டாக்டர் வாயைப் பாத்த பொறகுதான் என்னை நம்புனீங்களாக்கும்?" என்றாள். வண்டியைப் பூட்டினேன். "வாரேன். ஆனா அத்தை வந்து கூப்பிடாம வண்டிய விட்டு எறங்க மாட்டேன்."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. உருண்டை மூக்கில் இருந்த கதையை ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா என் முகவாயைத் தூக்கி மூக்குக்குள் பார்த்தாள், மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி.

"சோத்துலதான் வைப்பாளுக. மூக்குல எவ வைப்பா? எறங்குத்தா, சோறு ஆறுது."

என் பெண்டாட்டி இறங்கவில்லை. "சோறு யாரு வடிச்சதுங்க, அத்தை?"

"நாந்தேன்."

"அப்ப ஒங்க மகன் மொதல்ல திங்கட்டும்."

தின்றேன். வண்டியிலிருந்து ஒருத்தி, நிலைப்படியிலிருந்து ஒருத்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் சோறு கேட்ட பிறகுதான் அவள் இறங்கினாள்.