சேட்டம்மா கேட்ட காய்

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் வலிக்கிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூரில் ஒரு சேட்டு துணிக்கடை வைத்திருந்தார். மார்வாட் பாலைவனத்திலிருந்து வந்த குடும்பம். என் புருஷன் செத்தபிறகு சேட்டு வீட்டுச் சமையல்தான் எனக்குப் பிழைப்பு.

சேட்டு பெண்டாட்டியைச் சேட்டம்மா என்றுதான் கூப்பிடுவேன்; என்னைவிடச் சின்னவள். பங்குனியில் விஷக்காய்ச்சல் கண்டு படுத்தாள். காய்ச்சல் விட்டது, பசி வரவில்லை. கஞ்சி கொடுத்தால் வாந்தி, ரசம் சோறு கொடுத்தால் வாந்தி. ஆக்கிப் போடுவதும் நான், அள்ளிக் கொட்டுவதும் நான். புதுச்சேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த டாக்டர், "சாப்பாடு எறங்கலன்னா பொழைக்கறது கஷ்டம்" என்று சேட்டிடம் சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கையில் அவள் "சாங்க்ரி, சாங்க்ரி" என்று முனகுவாள். என் காதில் அது சங்கரி என்றுதான் விழுந்தது. அம்மன்தான் அவள் நாக்கில் வந்து கேட்கிறாள் என்று நினைத்து, கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டு, குங்குமம் கொண்டுவந்து அவள் நெற்றியில் இட்டேன். விஷயத்தைக் கேட்டுச் சேட்டு சிரித்தார். அந்தக் கோடையில் அவர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

"அது சாமி இல்லேம்மா, காய். எங்க ஊர்ல மழை இல்லே, தோட்டம் இல்லே. மரத்துல காய்க்கிறதைக் காயவெச்சு வருஷம் பூரா சாப்பிடுவோம்."

ஊரிலிருந்து வந்த மூட்டை ஐப்பசி மழையில் நனைந்து பூசணம் பிடித்துவிட்டதாம். பானையடியில் கிடந்த இரண்டு மூன்று வற்றலைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வன்னிக்காய்! ஏரிக்கரைப் பிள்ளையாருக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, அதற்கா இத்தனை பாடு?

ஆனால் வன்னி எங்களுக்குச் சாமி மரம். விஜயதசமிக்குச் சுற்றிவந்து கும்பிடுவோம். அதைக் கறி வைத்துத் தின்றவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. மறுநாள் துறட்டுக்கோலோடு போய், முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு பறிக்கும்போது பூசாரி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? சாமி மரத்துல கை வெக்கிற?"

"ஒரு உசுரு ஊசலாடிகினு கெடக்குது சாமி. அவங்க ஊர்லயும் இத்த கும்புடுறாங்களாம். கும்புட்டுட்டுத்தான் திங்கறாங்களாம். புள்ளையாருக்குக் கொழுக்கட்ட இருக்குது, இந்தக் காய வெச்சிகினு அவுரு இன்னா பண்ணப்போறாரு?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

சேட்டம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். "தண்ணி வேணாம் அக்கா, மோர் ஊத்து. எங்க ஊர்ல தண்ணிக்குத்தான் பூட்டு, மோருக்கு இல்லே" என்றாள். கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடந்தே தேய்ந்துபோயிருந்த எனக்கு அந்த ஊரைக் கொஞ்சம் பிடித்துப்போனது. காயை மோரில் வேகவைத்து, மிளகாயும் மாங்காய் வற்றலும் சேர்த்து நல்லெண்ணெயில் வதக்கினேன். கம்பு ரொட்டியை அவளேதான் தட்டினாள். நான் தட்டியது விண்டு விண்டு போயிற்று. எங்களுக்குக் கம்பு என்றால் கூழ்தான்.

ஒரு வாய் வைத்தாள். நானும் சேட்டும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. இன்னொரு வாய் வைத்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இதுல தண்ணி இருக்கு."

"மோர்தானே ஊத்தினேன்?"

"மரத்துல அக்கா. இது ஏரி குடிச்ச மரம். எங்க காய் இப்படி இருக்காது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முள் கிழித்த கை வேறு எரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் கேட்டாள்:

"சோறு இருக்கா?"

ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றாள். அழுதுகொண்டேதான் தின்றாள். சேட்டு கை கூப்பிச் சாமி கும்பிட்டார். அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கும் தெரிந்தது; நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். ஆனால் இனிமேல் தன் ஊர் ருசியைத் தேடப்போவதில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டதைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சகிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். சாம்பலை அள்ளிய கையோடு நானும் அழுதேன்.