கரையில் இருப்பதாகப் பதிவான படகு

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, பிற்பகல் இரண்டேகாலுக்கு மீன்வளத் துறைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபோன் வந்தது. காற்று வலுக்கப்போகிறதாம். "உங்க பக்கத்துப் படகெல்லாம் கரையில இருக்குங்க, இன்னைக்குப் பட்டியல மூடிட்டோம்" என்றார் அதிகாரி. சரிங்க என்று வைத்துவிட்டேன்.

கருக்களாச்சேரியில் எந்தப் படகு போனது, எது திரும்பியது என்று பதிவது என் வேலை. பூவத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். படகு எண், தேதி, போன நேரம், வந்த நேரம் இவற்றைக் கணினியில் நிரப்பினால், நிரல் எல்லாவற்றையும் ஒரே வரியாகக் கோத்து, இணையம் வழியே கட்டுப்பாட்டு அறைக் கணினியில் ஓடும் சேவைக்கு அனுப்பும். 'பெறப்பட்டது' என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லை நம்பியே இருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். புருஷனும் கொழுந்தனும் விடியுமுன் மூன்று மணிக்கே கடலுக்குப் போய்விட்டதாகக் காலையில் வந்து சொன்னவர்.

"அவங்க இன்னும் வரலங்க."

பட்டியலைத் திறந்தேன். அவர்கள் படகுக்கு நேரே 'கரையில்' என்றிருந்தது. காலையில் நான் அனுப்பிய வரியை எடுத்துப் படித்தேன். தேதி, செவ்வாய்க்கிழமையுடையது.

வழக்கமாகத் தேதியை நிரலே போட்டுக்கொள்ளும். அன்று கணினிக் கடிகாரம் பழுதாகி, நான் கையால் அடித்தேன். பல வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். பஞ்சாங்கப்படி சூரிய உதயத்தில்தான் எனக்கு நாள் தொடங்கும். விடியுமுன் மூன்று மணி என்றால் முந்தின நாள். செவ்வாயன்றும் அந்தப் படகு போய் மதியமே திரும்பியிருந்தது. ஒரு படகுக்கு ஒரு தேதியில் ஒரு பதிவுதான் என்று வைத்திருந்த சேவை, புதிய வரியையும் அந்தப் பழைய பதிவோடு சேர்த்து, திரும்பிவிட்டதாகவே விட்டுவிட்டது.

திருத்தி அனுப்பினேன். பட்டியல் மூடியாயிற்று என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், அதே பதில். ஃபோனில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். நடந்ததை அதிகாரியிடம் சொன்னேன். "எத்தன பேருங்க?" என்றார்.

"ரெண்டு பேர்."

மூன்று ஐந்துக்கு ரோந்துப் படகு புறப்பட்டது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. உட்காரச் சொன்னேன், அந்தப் பெண் உட்காரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காலையில நான் சொல்லச் சொல்லத்தானே அடிச்சீங்க?" என்றார்.

நாலு நாற்பதுக்குத் தகவல் வந்தது. எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்த இருவரையும் கண்டுபிடித்து இழுத்து வருகிறார்கள். அந்தப் பெண் கரைக்கு ஓடினார்.

மறுநாள் டீக்கடையில் அவர் புருஷன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கரையில இருந்தவனப் போய் எதுக்குங்க கடல்ல தேடுனீங்க?" என்னால் சிரிக்க முடியவில்லை.

மூடிய பட்டியலைத் திருத்த வழியில்லை என்றார்கள். அதன்படி அந்தப் புதன்கிழமை அவர்கள் கடலுக்குப் போகவே இல்லை. இப்போதும் அவ்வப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.