முனுசாமிக்கு இல்லாத நோய்

முனுசாமிக்கு வலிப்பு நோய் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. இருக்கிறது என்று சொன்னவன் நான். 1991இல், ஜெர்மனியில், ஒரு சின்னக் கேளிக்கைப் பூங்காவில், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் சொன்னேன்.

அந்தப் பூங்கா இன்னும் இருக்கிறது, நான் இப்போது வசிக்கும் ஊரின் ஓரத்திலேயே. பேத்தியை அழைத்துப் போகிறேன். அங்குள்ள ரோலர் கோஸ்டர் இரண்டு ஏற்றமும் ஒரு வளைவுமாக முடிந்துவிடும். இங்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, வண்டி கிளம்புமுன் அங்கே வேலை செய்யும் பெண் செய்யும் காரியம். ஒவ்வொருவர் மடிமீதும் இரும்புத் தண்டை அழுத்துவாள். அதை மேலே இழுத்துப் பார்ப்பாள். பிறகுதான் அடுத்த ஆளிடம் போவாள். நாள் முழுக்கச் செய்தாலும் கடைசி ஆளிடமும் அதே சந்தேகம்தான். இந்த நாட்டில் இயந்திரத்தைச் சந்தேகிப்பதுதான் அதற்குக் காட்டும் மரியாதை. நம் ஊரில் மரியாதை வேறு மாதிரி.

அப்போது ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இத்தனை தொழிற்சாலைகள் இல்லை. இருந்த சிலவற்றில் ஒன்றில் நான் எஞ்சினியர், வீடு குன்றத்தூரில். முனுசாமி வடக்குப்பட்டு விவசாயக் குடும்பத்துப் பையன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். காலை ஷிப்டில் சுவிட்சைப் போடுமுன் மெஷினின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அவன் மட்டுமல்ல, அந்த லைனில் எல்லோரும் அப்படித்தான். புதிதாக வாங்கிய பிரஸ்ஸை ஓட்டப் பழகிவர எங்கள் இருவரையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பியதும் அந்த மெஷின் அவனுடையது. தை மாதத்தில் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

பயிற்சி தந்த ஷ்மிட் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். முனுசாமி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா சார் இது, நம்ம குன்றத்தூர் கிருத்திகைக்கு வர்ற ராட்டினமே இத்தவிட ஒசரம்." ஆனாலும் ஓடிப்போய் முதல் பெட்டியில் உட்கார்ந்தான். வண்டி கிளம்பும் நேரத்தில் உடம்பை வளைத்து, கையை வெளியே நீட்டி, கீழே சக்கரத்தைத் தொடப் போனான். தொட்டுக் கும்பிடாத வண்டியில் எப்படிப் போவது? வண்டி குலுங்கியது. தண்டுக்குள் மடங்கிக் கிடந்த அவனைப் பார்த்து யாரோ அலற, இயக்கியவர் சிவப்புப் பொத்தானை அடித்தார். சைரன் ஊளையிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என்ன ஆயிற்று என்று ஷ்மிட் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். உண்மை இரண்டு வாக்கியம்தான். ஆனால் எங்களுடையது நவீனத் தொழிற்சாலை என்று வாரம் முழுக்கப் பேசியிருந்தவன் நான். சக்கரத்தைக் கும்பிடப் போனான் என்று சொல்ல நா கூசியது. அவனுக்கு அடிக்கடி மயக்கம் வரும் என்றேன். வலிப்பா என்று கேட்டார். தலையாட்டினேன். அந்த நல்ல மனிதர் முனுசாமியை இறக்கி, தோளைப் பிடித்து, தண்ணீர் கொடுத்தார். பஸ்ஸில் அவன் கேட்டான்: "அவராண்ட இன்னா சார் சொன்னீங்க? என்னமோ புள்ளத்தாச்சியப் புடிக்கிற மாரி புடிக்கிறாரு."

பயந்துவிட்டாய் என்று சொன்னேன் என்றேன்.

"பயமா, எனக்கா?" என்று நாங்கள் தங்கியிருந்த இடம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் அவனை மெஷின் பக்கம் விடவில்லை. நாங்கள் திரும்புமுன்பே ஷ்மிட்டின் எச்சரிக்கை எங்கள் மேனேஜருக்குப் போய்விட்டது. முனுசாமி மறுத்தான், மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவன் களைத்துக் கண்மூடினால் உடனே யாராவது ஓடிவந்து உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். பிறகு அதுவே கேலியானது. "இன்னா மாமே, சாவி கொண்டாரட்டா?" பெண் வீட்டாருக்குச் சேதி எட்டிக் கல்யாணம் நின்றது. கொஞ்ச காலத்தில் ஷ்மிட் கூப்பிட்டார் என்று நான் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டேன்.

போன வருடம்தான் ஊருக்குப் போய்ச் சொல்லும் துணிச்சல் வந்தது. சொல்லாமலே செத்துப்போய்விடுவேனோ என்ற பயம் என்பதே சரி. வடக்குப்பட்டைச் சுற்றி எங்கும் தொழிற்சாலை மதில்கள், கன்டெய்னர் லாரிகள். முனுசாமி அக்காள் மகன் வீட்டில் இருந்தான். தனியாகச் சொன்னால் போதாது என்று டீக்கடைக்கு அழைத்துப்போய், பழைய லைன் ஆட்கள் சிலர் இருக்கையில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவனுக்குச் சாவி வைத்த கைகளில் ஒன்று டம்ளரைக் கீழே வைத்தது.

முனுசாமி திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "வலிப்பு வர்றவனுக்கு வந்தது தெரியாதுன்னு சொல்வாங்க சார்," என்றான். "படிச்சவரு, கூடவே இருந்தவரு, நீங்களே சொன்னீங்க. அன்னிக்கு அந்த வண்டியில வந்துதான் இருக்கும், நமக்குத்தான் நெனப்பில்லன்னு நெனச்சிகினேன். அதுக்கப்புறம் கெணத்துல எறங்குனதில்ல. வண்டி ஓட்டக் கத்துக்கல. ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க வாணாம்னு அப்புறம் வந்த சம்பந்தத்தையும் வாணான்னுட்டேன்."

வேலையைத்தான் பறித்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவன் உடம்பையே அவனிடமிருந்து பறித்திருக்கிறேன்.

சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்தான். துருவேறி, அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது. "நீங்களே வச்சிக்கோங்க சார். இனிமே எனக்கு எதுக்கு?" என் கையில் வைத்து விரல்களை மூடினான், வலிப்பு வந்தவன் கையை மூடுவதுபோல.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அவன் அக்காள் மகன் போன் செய்தான். "மாமா தூங்கவே இல்ல சார். இடுப்பு சும்மா கீதுன்னு பொலம்பிகினே இருந்தாரு. காலையில எங்க வூட்டு பீரோ சாவிய எடுத்துக் கட்டிகினாரு."

பூங்காவில் வண்டி ஏறுமுன் பையில் உள்ளதை ஒரு தட்டில் போட வேண்டும். மற்றவர்களின் கார் சாவி, வீட்டுச் சாவிகளோடு முனுசாமி தந்ததையும் போடுகிறேன். போன வாரம் வண்டி அசையுமுன் மடிமேலிருந்த தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை, எங்கள் ஊரில் ஏறுமுன் இப்படிக் கும்பிடுவோம் என்றேன். இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை. "அப்படியா" என்று தலையசைத்துவிட்டு, என் தண்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். வண்டி ஏறத் தொடங்கியது. கீழே தட்டில் இந்த ஊர்ச் சாவிகள் மின்னின. அவற்றின் நடுவே ஒன்று மட்டும் மின்னவில்லை.