பூட்டிய பஸ்ஸும் பத்து விநாடி வீடியோவும்

சுமதி, தினேஷ், உங்கள் இருவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சுமதி காட்டிய வீடியோ

அன்று காலை நான் டியூட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சுமதி போனை நீட்டினாள்.

"அப்பா, இது உங்க கம்பெனி பஸ்தான?"

பத்து விநாடிதான் இருந்தது. பஸ்ஸுக்குள் பெண்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஒருத்தி அழுகிறாள். டிரைவர் நஞ்சப்பா கதவை இழுத்து அடைத்துவிட்டு, யாரும் இறங்கக் கூடாது என்று கன்னடத்தில் அதட்டுகிறார். மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஓசூர் கம்பெனி பஸ்ஸில் பெண்களை அடைத்து வைத்த கொடுமை.' கீழே கம்பெனி பெயர்.

"நீயும் யாருக்காவது அனுப்பிட்டியா?"

"மூணு பேருக்குத்தான்பா."

உன்மேல் தப்பில்லை, சுமதி. அந்தப் பத்து விநாடியை மட்டும் பார்த்திருந்தால் நானும் அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த பஸ்ஸை அனுப்பியவனே நான்தான். அங்கே டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் நான்.

முந்தின நாள் நடந்தது இதுதான். ஐந்தரைக்கு ஜெனரல் ஷிப்ட் முடிந்து உத்தனப்பள்ளி பஸ் கிளம்பியது. சானமாவு காட்டருகே ரோட்டில் யானைக்கூட்டம். ராகி அறுவடைக் காலத்தில் அது வழக்கம்தான். வனக்காவலர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நஞ்சப்பா எனக்குப் போன் செய்தார். "கதவைத் திறக்காதே, ஒருத்தரையும் இறக்காதே" என்று சொன்னவன் நான். ஒன்றரை மணி நேரம் குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க வழியில்லை. வீட்டில் கைக்குழந்தையை விட்டு வந்தவர்கள் இருந்தார்கள். கத்தாமல் என்ன செய்வார்கள்?

2. பதினொரு மணிக்குள்

எச்.ஆர். மேனேஜர் பிரசாத் சார் அறையில் ஏசி ஓடியும் அவருக்கு வேர்த்திருந்தது.

"கஸ்டமர் கம்பெனியிலேர்ந்து மெயில் வந்துடுச்சுங்க. லேபரை அடைச்சு வெக்கிறீங்களான்னு கேக்கறாங்க. ஆர்டர் போச்சுன்னா ஒரு லைனையே மூடணும்."

ராத்திரியே கம்பெனி பேஜில் வந்த கமெண்டுகளை அழித்திருக்கிறார்கள். அழித்ததை ஜனங்கள் படம் பிடித்துப் போட்டதில் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது கம்பெனியின் விளம்பர வேலையைப் பார்க்கும் பெங்களூர் ஏஜென்சி ஒரு அறிக்கை எழுதி அனுப்பியிருந்தது. 'ஊழியர் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு. சம்பந்தப்பட்ட ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.' பதினொரு மணிக்குப் போட வேண்டுமாம்.

"சார், யானை நின்னுச்சு சார்."

"எனக்குத் தெரியுதுங்க. வீடியோல யானை இல்லையே! ப்ரூப் இருந்தா கொண்டாங்க. அந்த மனுசன் மேல எனக்கென்ன பகையா?"

ஷெட்டுக்குப் போனேன். நஞ்சப்பா அதே பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயம் காதுக்கு எட்டியிருந்தது.

"அண்ணா, கதவைத் தொறந்திருந்தா தப்பா, மூடினது தப்பா? அத மட்டும் சொல்லுண்ணா. என் மக காலேஜ்ல அந்த வீடியோவ எத்தினி பேர் பாத்தாங்களோ. இன்னைக்கி நான் போகலப்பான்னு படுத்துகினு கெடக்கறா."



3. பூப்படங்களுக்கு நடுவில்

எங்கள் பக்கம் யானைத் தகவலுக்கு என்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வனக்காவலர், ஊர்க்காரர், பஸ் டிரைவர் எல்லாரும் இருப்பார்கள். யானை எங்கே நிற்கிறது என்று அதில் வரும். ப்ரூப் அங்கே கிடைக்கும் என்று ஷெட்டிலேயே நின்று போனைத் திறந்தேன்.

அந்தக் குரூப்பை நான் இரண்டு மாதமாக மியூட்டில் வைத்திருந்தேன். காரணம், யானையை விட அதில் ரோஜாப்பூதான் அதிகம். காலை வணக்கம், இனிய வெள்ளிக்கிழமை, சாமி படம். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இரண்டு செம்பருத்திக்கு நடுவில் இருந்தது: 'சானமாவு ரோட்டில் பத்து பன்னிரண்டு யானை. வண்டிகள் அங்கங்கே நிற்கவும்.'

நேரம் ஐந்து பத்து. பஸ் கிளம்பியது ஐந்தரை.

வண்டி எடுக்கும் நேரத்தில் டிரைவர்கள் குரூப்பைப் பார்ப்பதில்லை; அதைப் பார்த்துக் கேட்டிலேயே பஸ்ஸை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். தண்ணீர், கழிப்பறை, வீட்டுக்குப் போன் எல்லாம் அங்கே இருந்தது. நஞ்சப்பாவைக் காப்பாற்றும் அதே செய்தி என்னைப் பிடித்துக் கொடுக்கிறது.

ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் தெரியாமல் வெட்டி, மேல்பாதியை மட்டும் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உங்கள் பீஸும் நினைவுக்கு வந்தது, மறைக்கவில்லை. பிறகு தோன்றியது: அந்த வீடியோவையும் இப்படித்தானே யாரோ வெட்டியிருக்கிறார்கள்!

விசாரித்ததில், அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் செல்வி என்ற பெண்தான் அந்த வீடியோவை எடுத்தவள் என்று தெரிந்தது. லேட்டாவதைக் காட்டப் புருசனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் ஸ்டேட்டஸில் வைக்க, வேறு யாரோ நறுக்கிவிட்டார்கள். என்னைக் கண்டதும் அவளே முந்திக் கேட்டாள்.

"சார், என் வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. முழுசையும் குடு."

முழு வீடியோ இரண்டு நிமிஷம். கடைசியில் விளக்கை அணைக்கிறார் நஞ்சப்பா. ஒரே அமைதி. கண்ணாடிக்கு வெளியே கரிய முதுகுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. யாரோ ஒரு பெண், "அண்ணா, கதவ தொறந்துறாத" என்று கிசுகிசுக்கிறாள்.

4. நாலு வரி

வெட்டாத ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் பிரசாத் சார் மேஜைமேல் வைத்தேன். நேரத்தைப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதைப் போட்டா நம்ம தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமேங்க?"

"ஆகும் சார். நம்ம தப்புதான சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏஜென்சிக்குப் போன் போட்டு, "உயிர்மூச்செல்லாம் வாணாம், நானே எழுதிக்கறேன்" என்றார். தமிழிலும் கன்னடத்திலும் நாலே வரி. யானை எச்சரிக்கை முன்பே வந்தும் நாங்கள் கவனிக்காமல் பஸ்ஸை அனுப்பினோம். பெண்கள் பட்ட சிரமத்துக்கு நாங்களே பொறுப்பு. கதவைத் திறக்காமல் அவர்களைக் காத்தவர் டிரைவர். அவருக்கு நன்றி. கூடவே முழு வீடியோ.

திட்டு உடனே நிற்கவில்லை. 'இத நேத்தே சொன்னா என்னா கேடு?' என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். அந்தக் கமெண்டை யாரும் அழிக்கவில்லை. கஸ்டமர் வந்து பார்த்து, பஸ்ஸில் தண்ணீர் கேன் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மெமோ கிடைத்தது. சுமதி, நீ அந்த மூன்று பேருக்கும் முழு வீடியோவை அனுப்பினாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய ஆறுதல்.

கம்பெனி பேரைக் காப்பாற்ற நான் கற்றது இவ்வளவுதான்: நம் தப்பை நாமே முதலில், முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவன் தலையில் அதை வைத்தால், பேரோடு அவனும் போய்விடுவான்.

குரூப்பை மியூட்டிலிருந்து எடுத்துவிட்டேன். அதுவரை ஒரு பூப்படம்கூட அனுப்பாத நஞ்சப்பா, இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு எனக்கு ஒரு ரோஜா அனுப்புகிறார். கீழே, 'பாத்தியாண்ணா?' என்று கேட்டிருப்பார்.

'பாத்துட்டேன்' என்று தினமும் பதில் போடுகிறேன்.