நன்றி சொல்லப் போன மலை

மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் காலைப் பேருந்தில் ஏறியபோது மணி ஆறு இருக்கும். தை மாதக் கடைசி. பெண்ணையாற்றுப் பக்கம் பனி இன்னும் விலகவில்லை. நானும் பன்னிரண்டு வயது மகள் தர்ஷினியும் ஒரு இருக்கையில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் செல்வம் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவர் மடியில் ஒரு பித்தளைப் பானை. அதற்குள் பச்சரிசியும் வெல்லமும். என் மடியில் இருந்த பையில் இரண்டு இன்சுலின் பேனாக்கள், சர்க்கரை பார்க்கும் மிஷின், ஈரத்துணி சுற்றிய ஒரு டப்பா.

நாங்கள் போக வேண்டிய இடம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி, பத்துப் பதினைந்து வீடுகளே உள்ள ஒரு ஊர். மலையைச் சுற்றிப் பார்க்கவோ அருவியில் குளிக்கவோ போகவில்லை. அந்த ஊர் அம்மனுக்கு என் வீட்டுக்காரர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்.

போன ஆடி மாதம் தர்ஷினி ஒரு வாரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். உடம்பு எலும்பாக இளைத்தது. கடைசியில் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பிவிட்டாள். விழுப்புரத்தில் சேர்த்தோம். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை இது, டைப் ஒன், உடம்பு இன்சுலினையே சுரக்காது, ஆயுசுக்கும் ஊசிதான் என்றார் டாக்டரம்மா. அந்த வாரம் எங்கள் குத்தகை நிலத்தில் கரும்பில் காய்ந்த சோகை உரிக்க வந்திருந்தவர் வெள்ளையன். மலைக்காரர். வருஷா வருஷம் வந்து எங்கள் மோட்டார் கொட்டகையில் தங்கி வேலை பார்ப்பவர். "எங்க ஊரு அம்மன வேண்டிக்கோண்ணே. கொழந்தைங்கள விட மாட்டா அவ" என்று அவர்தான் சொன்னார். குழந்தை தேறினால் மலையேறி வந்து பொங்கல் வைத்து, அவளுக்கு மொட்டை போடுவதாக என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டார்.

ஊசி போட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில், யாரும் எதிர்பாராத விதமாக, இன்சுலின் தேவை இறங்கத் தொடங்கியது. போட்ட அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்து பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். டாக்டரம்மா குறைத்தார், மறுபடி குறைத்தார். கார்த்திகைக்குள் நாள் முழுதுக்கும் நாலைந்து யூனிட் போதும் என்றாகிவிட்டது. "இது குணமாகறது இல்லம்மா. கணையத்துல மிச்சம் இருக்கிற கொஞ்சம் செல் இப்ப வேலை செய்யுது. அதுவும் ஒருநாள் நின்னுடும். எப்பன்னு சொல்ல முடியாது. ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க" என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு அதில் 'வேலை செய்யுது' என்பது மட்டும் போதுமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. "அம்மா கண்ணத் தொறந்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார்.

தியாகதுருகம் வருவதற்குள் தர்ஷினி என் தோளைத் தொட்டாள்.

"ம்மா, அவசரமா வருது."

நான் எழுந்துபோய் நடத்துநரிடம் சொன்னேன். "இன்னாம்மா, ஏறி முக்கா மணி நேரங்கூட ஆவல. பஸ் ஸ்டாண்டுல நிக்கும், பொறுங்க" என்றவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். வேலிக்காத்தான் புதர் மறைவில் அவளை உட்கார வைத்துவிட்டு நின்றேன். பனிக்காலம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியை எட்டரை மணிக்குத் தொட்டோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டோம். மூன்று பேருக்கும் சேர்த்து நூற்று இருபது ரூபாய். சாப்பிடும் முன் சர்க்கரை பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு. வழக்கத்தைவிட ஜாஸ்திதான். வழக்கமான ஒரு யூனிட்டைப் போட்டேன். பக்கத்திலேயே மாலை எழுபது ரூபாய்க்கும் தேங்காய் முப்பத்தைந்துக்கும் வாங்கினோம். தர்ஷினி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கடையிலிருந்து பேருந்துக்கு வருவதற்குள் காலி செய்துவிட்டு, இன்னொன்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கச்சிராயபாளையம் வரை சமவெளிதான். இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும். கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை வளையத் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து முனகி நின்று ஏறியது. மூங்கில் புதர்களுக்கு இடையே கீழே அணைத் தண்ணீர் தெரிந்து மறைந்தது. சாலை ஓரத்திலேயே கடுக்காயைக் காயப் போட்டுவிட்டுப் பெண்கள் காவல் உட்கார்ந்திருந்தார்கள். சாதாரணமாக என் மகள் எல்லாவற்றையும் கேள்வி கேட்பாள். அன்று ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிமலையில் இறங்கியபோது வெயில் இருந்தும் குளிர் விடவில்லை. வெள்ளையன் காத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி சர்க்கரை பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. மிஷினை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"வெல்லத்த கடிச்சியாடி?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லப்பா."

"பஸ்ஸு ஆட்டம் ஜாஸ்தி. ராத்திரி தூக்கமும் கம்மி. அதான் ஏறிக்கினு கீது. ஊருக்குப் போனா எறங்கிடும்."

அவர் சொன்னதை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு யூனிட் கூட்டிப் போட்டு, சாப்பிட்டுவிட்டு நடந்தோம். வண்டிப் பாதையில் மூன்று கிலோமீட்டர். இரண்டு இடத்தில் தர்ஷினி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசித் தூரம் வெள்ளையன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டார்.

வெள்ளையன் வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த சிமெண்ட் வீடு. அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு கூரை. அவர் மனைவி லட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். எங்களுக்காகச் சாமை அரிசி வடித்து, மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள். பொழுது சாயும் நேரம். பிள்ளையின் விரலைக் குத்தி மிஷினில் வைத்தேன். முந்நூற்று எண்பத்தாறு.

கைபேசியில் சிக்னல் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால் கிடைக்கும் என்றாள் லட்சுமி. நான் முன்னால் ஏற, என் வீட்டுக்காரர் பின்னால் வந்தார். டாக்டரம்மா எடுத்தார். காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இல்லை. சளி, இருமல்? இல்லை. மருந்து வெயிலில் பட்டிருக்குமா? டப்பா சில்லென்றுதான் இருந்தது; பிரிக்காத பேனாவும் கையில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர் குரல் தணிந்தது.

"அப்ப அந்த மிச்சமும் தீர்ந்துக்கிட்டு வருதும்மா. நான் சொல்லியிருந்தேன் இல்ல? இனிமே ஏத்தணும். புதுப் பேனாவப் பிரிங்க. இப்ப நான் சொல்ற அளவு போட்டு, நிறையத் தண்ணி குடுங்க. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. வாந்தி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு எறங்கிடுங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் வீட்டுக்காரரும் எல்லாவற்றையும் கேட்டார். பேச்சு முடிந்ததும் பாறையில் உட்கார்ந்துவிட்டார். எதிரே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டுகொண்டிருந்தன.

"மொட்ட கூட போடல கலா. அதுக்குள்ள குடுத்தத வாங்கிக்கினாளே" என்றார்.

கீழே இறங்கிப் போய்ப் புதுப் பேனாவில் நாலு யூனிட் வைத்துப் போட்டேன். டாக்டரம்மா அளவைக் குறைத்த பிறகு ஒரே வேளைக்கு அத்தனை போட்டது அன்றுதான். வாந்தி வரவில்லை. சர்க்கரை மெல்ல இறங்கியது. இருநூற்றுச் சொச்சத்தில் விடிந்தது.

காலையில் ஊர் முழுக்கப் பனி. பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை. கோயில் என்றால் ஒரு வேங்கை மரமும், அதன் அடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்களும்தான். நாவிதர் வெள்ளிமலையிலிருந்து நடந்து வந்து கத்தியோடு காத்திருந்தார். கற்களைக் கூட்டி அடுப்பு வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பானையைக் கீழே வைத்தார். தீக்குச்சியை எடுக்கவில்லை.

"எதுக்குப் பொங்க வைக்கணும்? நல்லாயிடுச்சின்னா?"

வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டார். எங்களை அழைத்து வந்தவர் அவர். அம்மன் அவருடைய அம்மன். செய்யாத குற்றத்துக்கு நிற்பவரைப் போல நின்றார். "நான் தெரியாம சொல்லிட்டேண்ணே" என்றார்.

லட்சுமிதான் சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள். "எங்க மூத்த பொண்ணு காய்ச்சல்ல போயிடுச்சி. டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கினாங்க, பாதி வழியிலயே போச்சி" என்றாள் என்னிடம். "அந்த வருசமும் பொங்க வச்சேங்கா. கோவம் ஆறல. இன்னிக்கும் ஆறல. கோவத்தோடதான் வைக்கிறேன்."

அவள் அழவில்லை. அந்த வீட்டில் ஒரு இரவு தங்கியும் அப்படி ஒரு குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது.

அப்போது தர்ஷினி தன் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ப்பா, சாமி நேத்து ஒண்ணும் பண்ணல. எனக்கு முன்னாடியே தெரியும். பொங்கல் லீவு முடிஞ்சதுலேர்ந்தே தாகமாதான் கீது. இஸ்கூல்ல அடிக்கடி பாத்ரூம் போய்க்கினு இருந்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீதான் எல்லாரு கிட்டயும் சரியாப்பூடுச்சி, சரியாப்பூடுச்சின்னு சொல்லிக்கினு இருந்தியே. எப்டிச் சொல்றது?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வயலில் கால் முறிந்தபோதும், விளைந்த நெல்லை வெள்ளம் கொண்டுபோனபோதும் அழாத மனிதர். குலுங்குவது மட்டும் தெரிந்தது. பிள்ளை அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாவிதருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். "அவ முடி அவளுக்கே இருக்கட்டும்" என்றார். பொங்கலை நானும் லட்சுமியும் வைத்தோம். பொங்கியபோது யாரும் குலவை போடவில்லை. தர்ஷினிக்கு ஒரு கை அளவு கொடுத்தேன். அதற்கும் சேர்த்து ஊசி போட்ட பிறகுதான். என் வீட்டுக்காரர் தன் பங்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாப்பிடாமல் இலையிலேயே மடித்து வைத்தார்.

பத்து மணிக்கு மேல் பனி விலகி, வெள்ளிமலைக்கு நடந்தோம். பேருந்து நிற்கும் இடம் வரை வந்த வெள்ளையன் ஒரு பை சாமை கொடுத்தார். "அடுத்த வெட்டுக்கு வரலாமாண்ணே?" என்று கேட்டபோது அவர் குரலில் பயம் இருந்தது. என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து, "வராம எங்கப் போவ? கொட்டாயி உன்துதானே" என்றார்.

கச்சிராயபாளையத்தில் இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். நான் பையைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் கை நீட்டினார்.

"குடு. எப்டின்னு சொல்லு."

இத்தனை மாதத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. ஊசி நேரம் வந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன் என்று வெளியே போய்விடுவார். பேனாவின் பின்பக்கத்தைத் திருகி அளவு வைக்கக் காட்டிக் கொடுத்தேன். கரும்புச் சோகை கீறிக் கீறித் தடித்துப்போன விரல்கள். எண் ஒன்று தள்ளிப் போயிற்று, திருப்பிக் கொண்டுவந்தார். அஞ்சில் நிறுத்தி, என்னிடம் காட்டி, மறுபடி தானே பார்த்தார். தர்ஷினி சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றைக் காட்டினாள். குத்தி அழுத்திவிட்டு, நான் சொன்னபடி பத்து எண்ணினார்.

"வலிக்குதாம்மா?"

நான் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றே சொல்லி வந்தவள் அவள்.

"வலிக்குதுப்பா" என்றாள். "எப்பவுமே வலிக்கும்."

அவர் ஊசியை எடுத்த இடத்தில் விரலை வைத்து, சாப்பாடு வரும் வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

கள்ளக்குறிச்சியில் வண்டி மாறி, மாலையில் எங்கள் பக்கத்துச் சாலைக்கு வந்துவிட்டோம். மலையில் போர்த்திய துணியை அவிழ்த்து மடித்தேன், இங்கே வேர்த்தது. மலையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல ரோடு இல்லை. எங்களுக்கு ரோடு இருக்கிறது, பேருந்து இருக்கிறது, வீட்டில் மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் இருக்கிறது. லட்சுமியின் பெண்ணுக்குக் கிடைக்காதது என் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நினைத்து ஆறுதல் கொள்ளவும் மனம் கூசியது.

ஊர் நெருங்கியது. இறங்கியதும் கேட்பார்கள், வேண்டுதல் முடிந்ததா, பிள்ளைக்கு ஏன் மொட்டை போடவில்லை என்று. என்ன சொல்வது என்று அவரைக் கேட்டேன்.

தூங்கிவிட்ட மகளின் தலையைத் தன் தோளில் சரியாக வைத்துவிட்டு, "போய்ட்டு வந்தோம்னு சொல்லு" என்றார்.